ஒரு கையெழுத்து, 20 வருடப் பொறுப்பு! ஸ்பொன்சர் பேப்பருக்குள் இவ்வளவு இருக்கிறதா? தெரியுமா?

கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருக்கிற அம்மாவையும் ஐயாவையும் கனடாவுக்குக் கூப்பிட ரொறன்ரோவில் இருக்கும் மகன் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கிறார். அந்தக் கையெழுத்து எத்தனை வருடத்துக்குச் செல்லும் தெரியுமா? 20 வருடம்! அவர்கள் நிரந்தர வதிவாளர்களாகும் நாளிலிருந்து எண்ணத் தொடங்கி முழுதாக 20 வருடம்!

படிவத்தின் பெயர் ஐஎம்எம் 1344. சாப்பாடு, உடுப்பு, இருக்க இடம், அரச மருத்துவக் காப்புறுதிக்குள் வராத பல் வைத்தியம், கண் வைத்தியம் எல்லாம் மகனின் பொறுப்பு. 2014க்கு முன்னர் இதே பொறுப்பு 10 வருடம்தான். ஒரே வீச்சில் இரண்டு மடங்காக்கிவிட்டார்கள்!

இன்னும் கேளுங்கள். மகன் ஒட்டாவாவில் இருந்தால் 20 வருடம். ஆற்றுப் பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில், கியூபெக் மாகாணத்தில் இருந்தால்? 10 வருடம்! ஒரு பாலத்துக்கு இந்தக் கரையில் ஒரு கணக்கு, அந்தக் கரையில் பாதிக் கணக்கு!

மகன் மட்டுமா கையெழுத்து வைக்கிறார்? இல்லை! வட்டக்கச்சியில் இருக்கிற அம்மாவும் வைக்க வேண்டும். தன் அடிப்படைத் தேவைகளைத் தானும் பார்த்துக்கொள்ள இயன்ற முயற்சி எடுப்பேன் என்று அவரும் உறுதி கொடுக்கிறார். அவசரத்தில் "அம்மா, இதில ஒரு சைன் போடுங்கோ" என்று நீட்டாமல், ஒரு மாலைப்பொழுது இருந்து வாசித்துக் காட்டுங்கள். அவர் கொடுக்கிற வாக்கு அவருக்குத் தெரிய வேண்டும்.

மனைவியைக் கூப்பிட்டால் எத்தனை வருடம்? 3 வருடம். சரி, இடையில் விவாகரத்து ஆகிவிட்டால்? பொறுப்பு முடியாது! வேலை போய்விட்டால்? முடியாது! கூப்பிடப்பட்டவர் கனேடியப் பிரசையாகிவிட்டால்? அப்போதும் முடியாது!

அந்தக் காலத்துக்குள் வந்தவர் வெல்ஃபெயர் காசு எடுத்தால், அது ஸ்பொன்சர் செய்தவரின் தலையில் கடனாக ஏறும். இது நியாயமா என்று ஒன்ராறியோவில் 8 ஸ்பொன்சர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. மாவி வழக்கு என்று பெயர். 2011 ஜூன் 10 தீர்ப்பு வந்தது. கடனை அரசு அறவிடலாம், ஆனால் ஸ்பொன்சருக்கு முறையாக அறிவித்து, அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். கட்டும் காலத்தை அதிகாரிகள் தள்ளிப்போடலாம், கடனை அழித்துவிட முடியாது என்றது நீதிமன்றம். கடன் தீரும் வரை வேறு யாரையும் ஸ்பொன்சர் செய்யவும் முடியாது!

இப்போது ஒரு தலைகீழ் ஆச்சரியம். மனைவியைக் கூப்பிட எவ்வளவு சம்பளம் வேண்டும் தெரியுமா? பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்றே இல்லை! "ஐம்பதாயிரம் டொலர் உழைச்சால்தான் பொம்பிளையக் கூப்பிடலாம்" என்று கலியாணப் பேச்சில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அங்கவீனம் தவிர்ந்த காரணத்துக்காக வெல்ஃபெயர் எடுத்துக்கொண்டிருப்பவர் கூப்பிட முடியாது. நீதிமன்றம் கட்டளையிட்ட பிள்ளைச் செலவுக் காசைக் கட்டாமல் விட்டவரும் முடியாது!

தாய் தகப்பனுக்கு வந்தால்தான் கணக்கு இறுகும். எப்படி எண்ணுகிறார்கள் தெரியுமா? மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், வரப்போகிற அம்மா, ஐயா. ஆறு பேர். 2023 வரி வருடத்துக்கு ஆறு பேர் கொண்ட குடும்பம் காட்ட வேண்டிய வருமானம் 85,020 டொலர்! அதுவும் ஒரு வருடம் காட்டினால் போதாது. அடுத்தடுத்து மூன்று வரி வருடங்கள், ஒவ்வொன்றிலும் அந்தந்த வருடத்துக்கான தொகை! கொரோனா வந்த 2020, 2021 வருடங்களுக்கு மட்டும் தொகையைக் குறைத்தார்கள்.

ஐயா வரமாட்டேன், வயலைப் பார்க்க ஆள் இல்லை என்று நின்றுவிட்டால் தலை ஒன்று குறையுமா? குறையாது! வராதவரும் எண்ணிக்கைக்குள்! முன்னர் ஸ்பொன்சர் செய்து பிரிந்துபோன மனைவியின் 3 வருடம் இன்னும் முடியவில்லையா? அவரும் எண்ணிக்கைக்குள்!

மூன்று அண்ணன் தம்பிமார் ரொறன்ரோவில் நல்லாக உழைக்கிறார்கள். மூவரின் சம்பளத்தையும் கூட்டிக் காட்டி அம்மாவைக் கூப்பிடலாமா? முடியாது! கூடச் சேர்ந்து கையெழுத்து வைக்க முடிந்தவர் ஒரே ஒருவர்: ஸ்பொன்சரின் கணவன் அல்லது மனைவி. உடன்பிறப்பின் ஒரு சதம்கூடக் கணக்கில் வராது! எங்கள் குடும்பங்களில் அம்மாவின் செலவை எல்லாப் பிள்ளைகளும் பகிர்ந்துதானே பழக்கம்? எனக்கு இந்த விதியைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் மனம் பொறுக்காது.

அம்மாவின் பேரில் இரணைமடுக் குளத்தின் கீழே எத்தனை ஏக்கர் வயல் இருந்தாலும், வளவு நிறையத் தென்னை நின்றாலும், இந்தக் கணக்குக்குள் பூச்சியம்தான்! பார்ப்பது மகனின் கனேடிய வரிப் பத்திரத்தில் ஒரே ஒரு வரியை. எந்த வரி தெரியுமா? 15000ஆம் வரி! முன்னர் அதற்கு 150ஆம் வரி என்று பெயர். 2019 வரி வருடத்திலிருந்து பின்னால் இரண்டு பூச்சியம் ஒட்டிக்கொண்டது!

கையில் காசாக வாங்கிய வேலைச் சம்பளம்? அது அந்த வரியில் இல்லையென்றால், உழைக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். இரவிரவாக உணவகத்தில் கோப்பை கழுவி அனுப்பிய காசில் வட்டக்கச்சியில் வீடு எழும்பியிருக்கும், ஆனால் வரி கட்டாத அந்த வருடங்கள் அம்மாவின் படிவத்துக்கு உதவாது. வரிக் கணக்கை ஒழுங்காகக் காட்டுங்கள் என்று இளம் பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள்!

சரி, காசு இருக்கிறது, கடதாசி இருக்கிறது. உடனே விண்ணப்பிக்கலாமா? அங்கேதான் அடுத்த அதிர்ச்சி!

2011 நவம்பர் 5 அன்று பெற்றோர், பாட்டன் பாட்டிமாருக்கான வாசலையே கனடா மூடியது. 2014 ஜனவரியில் திறந்தபோது முழு நாட்டுக்கும் 5,000 விண்ணப்பங்கள் மட்டும்! 2016இல் வாசல் திறந்த முதல் நாட்களிலேயே ஏறத்தாழ 14,000 பொதிகள் குவிந்தன. மிசிசாகா அலுவலக வாசலில் கூரியர்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள்! 2017இல் குலுக்கல் முறை வந்தது. 90,000க்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள்.

2019 ஜனவரி 28? இது உச்சம்! இணையத்தில் முந்துபவருக்கே இடம் என்றார்கள். 27,000 அளவிலான இடங்கள். ஏறத்தாழ 1 இலட்சம் பேர் முயன்றார்கள். எவ்வளவு நேரத்தில் முடிந்தது தெரியுமா? பத்து நிமிடம் அளவில்! வேகமாகத் தட்டச்சத் தெரிந்த பிள்ளையின் அம்மாவுக்கு இடம், தெரியாத பிள்ளையின் அம்மாவுக்கு இல்லை!

கண்டனம் கிளம்பியது, மறுபடி குலுக்கலுக்குப் போனார்கள். 2020 ஒக்டோபர் 13 தொடக்கம் நவம்பர் 3 வரை மூன்று வாரம் பெயர் வாங்கினார்கள். 2 இலட்சம் அளவில் பெயர்கள்! அதற்குப் பிறகு? 2021, 2022, 2023, 2024, 2025 எல்லா வருடமும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் கை விட்டு எடுத்தார்கள்! 2024இல் 35,700 பேருக்கு அழைப்பு, 2025இல் 17,860 பேருக்கு. 2020இல் பெயர் கொடுக்கத் தவறியவர் 2025இலும் வெளியே! அழைப்பு வந்தவருக்கோ 60 நாள்தான். ஐந்து வருடக் காத்திருப்பு, 60 நாள் ஓட்டம்!

கட்டணம்? 2024 ஏப்ரல் 30 அன்று நிர்ணயித்த கணக்கில் ஸ்பொன்சருக்கு 85, விண்ணப்பத்துக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக்கு 575. கூட்டினால் 1,205 டொலர். கைரேகைக்கு வேறாக 85!

அந்த 60 நாளுக்குள் வட்டக்கச்சிப் பக்கத்தில் என்னவெல்லாம் நடக்க வேண்டும் தெரியுமா? பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போட் எல்லாம் ஒரே ஆளைச் சொல்ல வேண்டும். இங்கேதான் எங்கள் ஊரின் வரலாறு முழுக்கக் கடதாசிக்குள் வந்து உட்காருகிறது!

பிறந்ததும் வட்டக்கச்சி, இருப்பதும் வட்டக்கச்சி. ஆனால் அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் மாவட்டம் யாழ்ப்பாணம், மகளுடையதில் கிளிநொச்சி! பிழையா? இல்லவே இல்லை! கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்ததே 1984 பெப்ரவரியில்தான். பக்கத்தில் முல்லைத்தீவுக்காரருக்கும் இதே கதை. 1978க்கு முன் அவர்களுக்கு மாவட்டம் வவுனியா! வீடு ஓர் அடிகூட நகரவில்லை, மாவட்டம் மாறிவிட்டது! இரண்டு வரியில் ஒரு விளக்கக் கடிதம் வைத்தால் தூரதேசத்து அதிகாரி குழம்ப மாட்டார்.

உங்கள் பழைய அடையாள அட்டை இலக்கத்துக்குள் பிறந்த நாள் ஒளிந்திருக்கிறது, தெரியுமா? முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள்! ஜனவரி 1 பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501.

அதைவிட வேடிக்கை, இந்தக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரிக்கு 29 நாள்! 1955 மார்ச் 1 நாட்காட்டியில் 60ஆம் நாள். அடையாள அட்டையில் 61! பெண்ணுக்கு 561! பாஸ்போட்டில் உள்ள திகதியும் இந்த இலக்கமும் பொருந்துகிறதா என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். வயது ஒரு நாள் பிசகியிருந்தாலும், அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் விசா அதிகாரி அல்ல, நீங்கள்!

பெயரும் அப்படித்தான். ஒரு சான்றிதழில் ஆங்கில எழுத்து ஒன்று கூட, இன்னொன்றில் ஒன்று குறைய. அப்போது சமாதான நீதவான் முன்னிலையில் இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். வதிவிடத்தை உறுதிப்படுத்த முதலில் கிராம சேவையாளர், பிறகு கரைச்சிப் பிரதேச செயலகம்!

ஐஎம்எம் 5669 என்று ஒரு படிவம். கடந்த 10 வருடத்தில் எங்கெங்கே இருந்தீர்கள், இடைவெளி விடாமல் எழுதுங்கள் என்று கேட்கும். 2014இல் அதை நிரப்பிய ஒரு வட்டக்கச்சித் தாயை நினைத்துப் பாருங்கள்! வட்டக்கச்சி. பிறகு தருமபுரம். பிறகு விசுவமடு. பிறகு புதுக்குடியிருப்பு. பிறகு மாத்தளன். பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம். பிறகு திரும்பவும் வட்டக்கச்சி. ஒரு தறப்பாளின் கீழ் எத்தனை நாள் இருந்தோம் என்று யார் திகதி எழுதி வைத்தார்கள்? அந்தக் கட்டங்கள் ஓடிய ஓட்டத்துக்கு அளவெடுத்து அச்சடித்தவை அல்ல. ஆனால் நிரப்பத்தான் வேண்டும், அப்படி நிரப்பியவர்கள் வன்னி முழுக்க இருக்கிறார்கள்!

ஓடும்போது தொலைந்த சான்றிதழ்கள்? பதிவேடு இருந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் வழியாகப் பிரதி எடுக்கலாம். பிறப்பே பதியப்படவில்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒரு வழி இருக்கிறது. அதுவும் போதாது என்று கனேடிய அதிகாரி நினைத்தால் மரபணுச் சோதனை கேட்கலாம். எத்தனை வீதம் பொருந்த வேண்டும் தெரியுமா? 99.8! பதிவேடு தொலைந்தாலும் அம்மாவின் இரத்தம் சாட்சி சொல்லும்!

ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பக் கை ஓடாது. கணவர் இருக்கிறாரா என்ற கட்டம். இறுதிப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவரை இறந்தவர் என்று எழுத மனம் வராத குடும்பங்கள் கிளிநொச்சியில் ஏராளம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கியது இதனால்தான். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற் போனார் என்று மட்டும் காட்டும் சான்றிதழ் ஒன்றை 2016ஆம் ஆண்டு 16ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தது. அப்படி ஒரு கடதாசி இருப்பதே தெரியாமல் பலர் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பில் ஒரு பொறி! தமிழ்ச் சான்றிதழை ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். உங்கள் சித்தப்பாவின் மகன் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரா? இலவசமாகச் செய்து தருவாரா? வேண்டவே வேண்டாம்! பெற்றோர், உடன்பிறந்தார், மாமா, மாமி, ஒன்றுவிட்ட சகோதரம் வரை உறவினர் செய்த மொழிபெயர்ப்பைக் கனடா ஏற்காது. அவர் சட்டத்தரணியாக இருந்தாலும்!

மற்ற நாடுகள் மட்டும் லேசுப்பட்டவையா? லண்டனுக்கு மனைவியைக் கூப்பிட 2012இல் வருடத்துக்கு 18,600 பவுண் சம்பளம் கேட்டார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் 29,000! சம்பளம் இல்லை, சேமிப்பு மட்டும் இருக்கிறது என்றால்? 88,500 பவுண் வங்கியில் ஆறு மாதம் அசையாமல் கிடக்க வேண்டும்!

பிரான்ஸ் என்ன அளக்கிறது தெரியுமா? வீட்டை! பாரிஸ் பகுதியில் கணவன் மனைவிக்குக் குறைந்தது 22 சதுர மீற்றர். மேலதிகமாக ஒவ்வொருவருக்கும் 10 சதுர மீற்றர். மூன்று பிள்ளைகள் என்றால் 52! பாரிஸின் லாச்சப்பலில் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு குடும்பத்தைக் கூப்பிட முடியாது. அளந்து பார்க்க மாநகர சபையிலிருந்து ஆள் வரலாம்!

ஜேர்மனியில் விருந்தாளியாக வரும் உறவினருக்குப் பொறுப்புக் கடதாசி ஒன்று எழுதிக் கொடுப்பார்கள். கட்டணம் வெறும் 29 யூரோ! அந்தப் பொறுப்பு நீளக்கூடிய காலம் 5 வருடம்!

அமெரிக்காவில் ஐ-864 படிவம். வந்தவர் பிரசையாகும் வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு நிரம்பும் வரை கையெழுத்து உயிரோடு இருக்கும். விவாகரத்தால் அங்கேயும் அது சாகாது! ஆனால் கனடா மறுக்கிற ஒன்றை அமெரிக்கா தருகிறது: வருமானம் போதாவிட்டால் உறவே இல்லாத நண்பர்கூடக் கூட்டுப் பொறுப்பாளியாகலாம்! அண்ணன் தம்பியைக் கூப்பிடவும் வழி உண்டு. காத்திருப்புத்தான் 15 வருடத்துக்கு மேல்!

அவுஸ்திரேலியா? சாதாரண வழியில் பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு 30 வருடத்தைத் தாண்டுகிறது! 65 வயது அம்மாவுக்கு 95இல் விசா! விரைவான வழியில் போனால் கடைசித் தவணை மட்டும் தலைக்கு 43,600 அவுஸ்திரேலிய டொலர், 10 வருடத்துக்குப் பிணைக் காசும் வைக்க வேண்டும்!

கனடாவில் வரிசையில் நிற்க ஏலாத அம்மாமாருக்குச் சுப்பர் விசா இருக்கிறது. 2022 ஜூலை 4 முதல் ஒரு வருகைக்கு 5 வருடம் வரை தங்கலாம்! குறைந்தது 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். குலுக்கல் கிடையாது! பேரப்பிள்ளை வளருமுன் முகம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கலியாணக் கேஸுக்கு எத்தனை படம் வைக்கலாம் தெரியுமா? கூடியது 20! பொன்னுருக்கு, தாலிகட்டு, வரவேற்பு என்று எங்கள் அல்பத்தில் நூற்றுக்கணக்கில் படம் இருக்கும். அதில் இருபதை மட்டும் தெரிய வேண்டும்! கதைத்த வட்ஸ்அப் பதிவுகள் கூடியது 10 பக்கம்! மூன்று வருடம் ராத்திரி பகலாகக் கதைத்த கதை பத்தே பக்கத்துக்குள்! மாப்பிள்ளை ரொறன்ரோவில், பொம்பிளை வட்டக்கச்சியில், தொலைபேசியிலோ வீடியோவிலோ கலியாணப் பதிவா? 2015 ஜூன் 11 முதல் குடிவரவுக்கு அது செல்லாது!

இனி வருவதை நிதானமாக வாசியுங்கள். இதனால் குடும்பங்கள் உடைந்திருக்கின்றன! முதலில் கனடா போனவர் தன் விண்ணப்பத்தில் ஒரு பிள்ளையின் பெயரையோ மனைவியின் பெயரையோ மறைத்துவிட்டால், பிறகு அந்தப் பிள்ளையை ஸ்பொன்சர் செய்யவே முடியாது என்பது விதி! குடிவரவு ஒழுங்குவிதியில் 117(9)(ஈ) என்று அதற்கு இலக்கம். "கலியாணம் கட்டாத ஆள் எண்டு சொன்னால் கெதியாக் கிடைக்கும்" என்று ஒரு முகவர் சொன்ன ஆலோசனை, பத்து வருடம் கழித்துச் சொந்தப் பிள்ளைக்கு வாசலை அடைத்துவிடும்! 2019 செப்டெம்பரில் சிலருக்கு விலக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள், எல்லோருக்கும் அல்ல. ஆகவே எல்லாப் பெயரும்! வராத பிள்ளை, பிரிந்திருக்கிற மனைவி, முதல் தாரத்துப் பிள்ளை, எல்லாப் பெயரும் எழுதுங்கள்!

கடைசியாக, வயது உறையும் என்றால் நம்புவீர்களா? அம்மாவோடு தம்பியும் வரலாம், 22 வயதுக்குக் கீழே என்றால். 2014 ஓகஸ்டில் இந்த எல்லையை 19க்குக் கீழே என்று வெட்டினார்கள், 2017 ஒக்டோபர் 24இல் மறுபடி 22க்குக் கீழே என்று கூட்டினார்கள். மூன்று வருட இடைவெளிக்குள் அகப்பட்ட பிள்ளைகள் பாவம்! ஆனால் எந்த நாளின் வயதைப் பார்ப்பார்கள் தெரியுமா? முழுமையான விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளின் வயதை! அன்றைக்கு 21 வயதும் 364 நாளும் என்றால், பிறகு 26 வயதில் விமானம் ஏறினாலும் அவர் "பிள்ளை"தான்! ஒரே ஒரு நிபந்தனை: விசா கையில் வரும் வரை, வந்து இறங்கும் வரை, தம்பி கலியாணம் கட்டக் கூடாது! இடையில் கலியாண எழுத்து எழுதினாரோ, உறைந்த வயதும் அன்றோடு போச்சு!